ழகரத்தின் அடிக்கோடு

ழகரத்தை ரோமன் எழுத்தில் குறிக்க எல் எழுத்தின் கீழ் ஒரு கோடு. ளகரத்துக்கு அதே எழுத்தின் கீழ் ஒரு புள்ளி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது இந்த முறைதான் கையாளப்பட்டது. றகரத்துக்கும் னகரத்துக்கும் அங்கே அதே கோடுதான். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் இவ்வெழுத்துகளில் அதே வழியில் செல்கிறது. நூற்பட்டியலாக்கத்தில் பழகிய எவருக்கும் இது கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய பாடம். ஆனால் கணினிக்குள் இந்தக் கோடு ஒன்றல்ல. இரண்டு கோடுகள் இருக்கின்றன. நம் பட்டியல்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

கோட்டோடு சேர்ந்த எல்லுக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. அதைப் பிரித்தால் எல்லும், 0331 என்ற எண்ணுடைய கீழ்க்கோடும் கிடைக்கும். நூலகப் பதிவுகளுக்கான பழைய மார்க்-8 குறியீட்டிலோ எழுத்துக்கு ஒற்றை அடிக்கோடிடும் குறி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றியபோது அந்தக் குறி 0332 ஆயிற்று. இந்த 0332 பக்கத்து எழுத்தின் கோட்டோடு ஒட்டி ஓடுவதற்கென்று வகுக்கப்பட்டது. அதனால்தான் 'சென்னை' என்ற பெயரின் இரண்டு னகரங்களும் சில திரைகளில் ஒரே நீண்ட கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. தோற்றம் எப்படியோ போகட்டும். ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம்கூட இந்த இரண்டு கோடுகளையும் ஒருபோதும் ஒன்றாகக் கருதாது. வெளிநாட்டுப் பதிவை அப்படியே இறக்கிக்கொண்ட நூலில் 'தமிழ்' ஒரு விதமாகவும், நாமே ஐஎஸ்ஓ விசைப்பலகையில் தட்டிய நூலில் வேறு விதமாகவும் இருக்கும். குறிகளை உள்ளபடியே ஒப்பிடும் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நூல் அலமாரியில்தான் இருக்கிறது. வாசகரோ 'இல்லை' என்று எண்ணித் திரும்பிப் போகிறார்.

கோட்டையும் புள்ளியையும் எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. தேடல் அட்டவணைக்கு மட்டும் அப்படிச் செய்வதை நான் எதிர்க்கவில்லை. மூலப் பதிவிலிருந்து அவற்றை நீக்கக் கூடாது. வலி, வளி, வழி மூன்றும் அடையாளம் இழந்து ஒரே சொல்லாகிவிட்டால், எது எதுவென்று பின்னால் எந்த நிரலாலும் பிரித்துத் தர முடியாது.

இந்தக் கோடு தமிழுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் பட்டியலாளர் மனத்தில் வைக்க வேண்டும். நடு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழி எல், என், ஆர், டி ஆகிய எழுத்துகளின் கீழ் கோடிடுகிறது. அங்கே அந்தக் கோடு நாவை மடித்து ஒலிப்பதைக் காட்டுகிறது. கோடிட்ட எல் நம் ளகரத்துக்கு நெருங்கியது. கோடிட்ட என் ணகரத்துக்கு நெருங்கியது. அம்மக்கள் தங்களைக் குறிக்கும் 'அணங்கு' என்ற பெயரில் இருப்பது இந்த என்தான். உலுரு என்னும் செம்பாறையின் பெயரை அம்மொழியில் எழுதும்போது ஆருக்குக் கீழே கோடு வரும். அதன் ஒலி நம் ழகரத்தை ஒட்டியது. தமிழ் முறையில் பழகிய கண் இந்தப் பெயர்களில் னகரத்தையும் றகரத்தையும் படித்துவிடும். அலாஸ்காவின் டிலிங்கிட் மொழியிலோ கே எழுத்தின் கோடு உள்நாக்கு ஒலியைக் காட்டுகிறது. எபிரேயத்தை ஒலிபெயர்ப்போர் உரசொலிக்கு இதே கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, கோட்டுக்கென்று சொந்த ஒலி கிடையாது. மொழிதான் அதற்கு ஒலி தருகிறது. மொழிக் குறியை நிரப்பாமல் விட்ட பதிவில் இந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் புலத்தை வெறுமையாக விடும் பழக்கம் நம்மிடம் மலிந்திருக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நெடுங்காலம் ஜப்பானியம், அரபி, சீனம், கொரியம், பாரசீகம், எபிரேயம், இத்திஷ் ஆகியவற்றுக்குத்தான் மூல எழுத்தையும் சேர்த்துப் பதிவு செய்தது. அந்த வரிசையில் தமிழ் இல்லை. அங்கிருந்து எடுத்த பதிவுகளில் தமிழ் நூலின் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் வந்து சேர்ந்தது. நாமும் அதை அப்படியே ஏற்றிக்கொண்டோம். பட்டியல் பதிவு வடிவமான மார்க் 21இல் மூல எழுத்தைப் பதிவதற்கென்றே 880 புலம் இருக்கிறது. தமிழ்த் தலைப்பைத் தமிழில் எழுதிவைக்க நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு நூலகமும் தன் தரவுத்தளத்தில் 0332 எத்தனை இடங்களில் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். தமிழ் என்று மொழிக் குறி உள்ள பதிவுகளில் மட்டும் அதை 0331 ஆக மாற்றி, இயல்பாக்கம் செய்து, பழைய பதிவின் படியொன்றைத் தனியே சேமித்து வையுங்கள். புதிதாக ஏற்றும் எந்தத் தமிழ் நூலும் தமிழெழுத்துத் தலைப்பு இல்லாமல் பட்டியலுக்குள் நுழைய வேண்டாம். பணியை முடித்த நூலகங்கள் தாங்கள் பின்பற்றிய வழிமுறையை எழுதி அனுப்பினால், மற்றவர்களுக்கும் பயன்படும்படி இவ்விதழில் வெளியிடுவோம்.