பட்டாணிக் குருவியும் ஒரு ஹாஸ்டல்வாசிதான்!

ஃபர்ஸ்ட் இயர் முதல் நாள் ஞாபகம் இருக்கா? பெட்டி, பக்கெட், ஊறுகாய் பாட்டில் சகிதமா ஹாஸ்டல்ல இறக்கிவிட்டுட்டு அப்பா, அம்மா பஸ் ஏறினதும் வயித்தைப் பிசைஞ்சுதே... அதே நிலைமை ஒரு குருவிக்கும் வருது!

இங்கிலாந்துல ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல இருக்கு வைத்தம் காடு. அங்கே வாழுற 'கிரேட் டிட்', நம்ம ஊட்டி, கொடைக்கானல்ல பார்க்கிற பட்டாணிக் குருவிக்கு நெருங்கின சொந்தம். மஞ்சள் சட்டை, நடுவுல கறுப்பு டைன்னு, இன்டர்வியூ கிளம்பின ஃபைனல் இயர் அண்ணன் மாதிரியே இருக்கும். 1947-ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க இதுங்களோட குடும்பக் கதையை விடாம எழுதிட்டு வர்றாங்க.

முட்டையை விட்டு வந்த மூணு வாரத்துல குஞ்சு கூட்டை விட்டுப் பறந்துடும். அப்புறம் கொஞ்ச நாள்தான் அப்பா, அம்மா ஊட்டுவாங்க. அதோட 'உன் பொழப்பை நீ பாரு கண்ணு'ன்னு கிளம்பிடுவாங்க. பெரும்பாலான குஞ்சுங்க அடுத்த வசந்தத்தைப் பார்க்கிறதே இல்ல. பசி, குளிர், பருந்து இனத்து வேட்டைக்காரங்க... அத்தனையையும் தனியா சமாளிக்க முடியுமா? அதனால குளிர்காலத்துல கூட்டம் சேர்ந்து இரை தேடுதுங்க. 'சாப்பாடு எங்கே கிடைக்கும்?'ங்கிறதையும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்குதுங்க.

'எந்தக் குருவி எந்த செட்டுன்னு எப்படிய்யா தெரியும்?'னு கேட்கிறீங்களா? நம்ம ஏரியா அது! காலேஜ் கேட்ல ஐ.டி. கார்டைக் காட்டினா 'பீப்' சத்தம் வருமே, அதே டெக்னிக். கால் வளையத்துல ஒரு குட்டி சிப். சூரியகாந்தி விதை வெச்ச தீவனப் பெட்டியில ஆன்டெனா. குருவி வந்து உட்கார்ந்தா நம்பரும் நேரமும் பதிவாகிடும். அடிக்கடி சேர்ந்து வர்றவங்க ஒரே செட்டு. அட்டெண்டன்ஸ்... நோ ப்ராக்ஸி!

இதுல 2013-ல வந்த ஒரு ஆய்வு செம இன்ட்ரஸ்டிங். துறுதுறுன்னு எதையும் போய்க் கொத்திப் பார்க்கிற தைரியசாலிக் குருவிக்குப் பழக்கம் ஜாஸ்தி, ஆனா நெருக்கம் கம்மி. இன்னிக்கு ஒரு கூட்டம், நாளைக்கு வேற கூட்டம். கூச்ச சுபாவக் குருவிக்கு நாலைஞ்சு பேர்தான். ஆனா, அந்த நாலைஞ்சு பேரோட ஒட்டு ரொம்ப நாள் நிக்குது. அதுமட்டுமில்ல... குளிர்காலத்துல கூட சுத்தினவங்களே வசந்தத்துல கூடு கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரங்களா அமையுற வாய்ப்பும் அதிகமாம்!

நானும் ரெண்டாவது ரகம்தான். எனக்கு இருந்தது ஒரே ஒரு ரூம்மேட். மூணாவது செமஸ்டர்ல அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாம, படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். அவன் கட்டில் காலியாகிடுச்சு. நான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு மெஸ்ல தனியா சாப்பிட ஆரம்பிச்சேன். பாட்டு ஓடாது, சும்மா மாட்டியிருப்பேன். 'யாரும் பேசாதீங்க'ங்கிற போர்டு அது. 'வேற செட்டுல சேர்ந்தா அவனுக்குத் துரோகம்'னு வேற ஒரு நினைப்பு.

அப்பதான் 2017-ல வந்த இன்னொரு ஆய்வைப் படிச்சேன். கூட்டத்துல சில குருவிகளைப் பிரிச்சு எடுத்துட்டு, மிச்சம் இருக்கிறதுங்க என்ன பண்ணுதுன்னு பார்த்திருக்காங்க. கூட்டாளியை இழந்த குருவி ஒதுங்கி உட்காரலை பாஸ்! மத்தவங்களோட இன்னும் நெருக்கமாச்சு. அதுவரை பெருசாப் பழகாதவங்களோடயும் சேர்ந்துச்சு. குருவி மனசுல என்ன ஓடுச்சுன்னு நான் கதை விடப்போறதில்ல. ஆனா, அது பண்ணினதை நானும் பண்ணலாமேன்னு தோணுச்சு.

அன்னிக்கு ராத்திரி தட்டைத் தூக்கிக்கிட்டு எதிர் ரூம் பசங்க டேபிளுக்குப் போனேன். "இங்கே ஆள் வருதா?"ன்னு கேட்டேன். "உனக்குத்தான் வெச்சிருக்கு, உட்காருடா"ன்னான் ஒருத்தன். சும்மா சொல்லியிருப்பான். எனக்குத்தான் சப்பாத்தி தொண்டையில சிக்கிக்கிச்சு.

ரூமுக்கு வந்ததும் பழைய ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். "யாரோடடா சாப்பிட்டே?"ன்னுதான் முதல்ல கேட்டான். சொன்னேன். "அப்பாடா!"ன்னான்.

உங்க மெஸ்லயும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு தனியா ஒருத்தன் சாப்பிடுறானா? பாட்டு ஓடுதான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!