மூளைக்குச் சாணை

எழுபது வயதில் மூளையைத் தீட்ட முடியுமா? முடியும். ஆனால் தீட்டிய பக்கம் மட்டும்தான் கூராகும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, மறதி நோய் இல்லாத 2,832 பேரிடம் 1998இல் தொடங்கிய ஆய்வு சொல்வது இதைத்தான். நினைவாற்றல், தர்க்க அறிவு, பார்த்ததைச் சட்டென்று கிரகிக்கும் வேகம் - குழுவுக்கு ஒன்றாகப் பத்து வகுப்புகள். நான்காவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. ஒன்றில் தேறியவர்கள் மற்றதில் தேறவில்லை. பத்தாண்டு கழித்துச் சோதித்தபோது தர்க்கமும் வேகமும் ஓரளவு தங்கியிருந்தன; நினைவாற்றலில் கிடைத்த லாபம் கரைந்திருந்தது. ஆனாலும் பயிற்சி பெற்ற மூன்று குழுவினருமே அன்றாட வேலைகளில் சிரமம் குறைவு என்றார்கள். தாத்தா தாராளமாகக் குறுக்கெழுத்துப் போடட்டும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தார் என்பதை மட்டும் அது சொல்லித் தராது.