பழைய டி.வி.எஸ் 50-க்கு விளக்கெண்ணெய் ஊற்றலாமா?

‘‘அண்ணே, 2டி ஆயில் தீர்ந்துபோச்சு. வீட்ல செக்குல ஆட்டுன விளக்கெண்ணெய் இருக்கு. அதையே பெட்ரோல்ல கலந்து ஓட்டலாமா?’’

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து மெக்கானிக் கடைகளுக்குப் புதிதல்ல இந்தக் கேள்வி. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் இந்த ஊருக்கும் அப்படி ஒரு பந்தம். இந்தியாவின் முதல் இருவர் செல்லும் மொபெட்டான டி.வி.எஸ் 50, 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்துதான் சாலைக்கு வந்தது. 1984-ல் வந்த இண்ட்-சுசூகி 100 சிசி பைக்கும் ஓசூர்க்காரர்தான். எல்லையைத் தாண்டினால் மைசூரு. ஜாவா, யெஸ்டி பைக்குகள் இந்தியாவில் தயாரான ஊர் அது.

இன்று அதே ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனாலும் பால் கேனும், மாட்டுத் தீவனமும், தக்காளிக் கூடையும் சுமக்கும் பழைய மொபெட்டுகள் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆர்.எக்ஸ் 100-ஐ உயிராகப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களும் உண்டு. சரி, விளக்கெண்ணெய் விஷயத்துக்கு வருவோம்.

ஆயிலையும் சேர்த்து எரிக்கும் என்ஜின்

ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அடியில் தேங்கியிருக்கும். அதே ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த வசதி இல்லை. பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. அதனால் ஆயிலையும் பெட்ரோலோடு கலந்தே அனுப்ப வேண்டும். போகிற வழியில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, கடைசியில் பெட்ரோலோடு சேர்ந்து அதுவும் எரிந்துபோகும்.

ஆக, 2டி ஆயிலுக்கு நான்கு வேலைகள். பெட்ரோலில் நன்றாகக் கலக்க வேண்டும். சூட்டில் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்ட வேண்டும். எரிந்த பிறகு கரியோ பிசினோ விடக் கூடாது. புகை குறைவாக இருக்க வேண்டும். இந்த நான்கில் விளக்கெண்ணெய் எதில் பாஸ், எதில் ஃபெயில்?

ஒட்டுவதில் கில்லாடி

ஒட்டுவதில் விளக்கெண்ணெய்க்கு நூற்றுக்கு நூறு. அதில் 85 முதல் 90 சதவிகிதம் வரை ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால், இந்த எண்ணெய் கெட்டியாக இருக்கிறது. உலோகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. மற்ற சமையல் எண்ணெய்களுக்கு இந்தக் குணம் இல்லை.

முதல் உலகப் போர் விமானங்களின் சுழலும் ரோட்டரி என்ஜின்களில் ஊற்றப்பட்டது விளக்கெண்ணெய்தான். என்ஜினிலிருந்து தெறித்த எண்ணெய்ப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்ற கதையும் உண்டு. நம் பாட்டிமார்கள் சிரிப்பார்கள்! உலகப் புகழ்பெற்ற ‘கேஸ்ட்ரால்’ என்ற பெயரே, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘கேஸ்டர்’ என்பதிலிருந்து 1909-ல் உருவானதுதான். பழைய பந்தய பைக் பிரியர்கள் இன்றும் ஆமணக்கு கலந்த ரேஸிங் ஆயிலைத் தேடி வாங்குகிறார்கள்.

சறுக்கும் இடம்

அப்படியானால் ஊற்றிவிடலாமே? இங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல், கலப்பது. விளக்கெண்ணெய் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். பெட்ரோலில் அவ்வளவு எளிதாகக் கலக்காது. குலுக்கி ஊற்றினாலும், குளிரில் வண்டி நின்றால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். அப்போது என்ஜினுக்கு ஒரு நேரம் வெறும் பெட்ரோல் போகும். இன்னொரு நேரம் வெறும் எண்ணெய் போகும்.

இரண்டாவது சிக்கல், பிசின். பலகாரம் சுட்ட வாணலியின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் வழிந்த இடம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறையாக ஒட்டியிருக்கும். அதே கறை பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளத்தில் படிந்தால், ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் வழி அடைபடும். ரேஸ்காரர்கள் பந்தயம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துத் துடைத்துவிடுவார்கள். பால் ஊற்றப் போகிறவருக்கு அதற்கு ஏது நேரம்? கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒட்டும் பலமும் குறைவு, பிசினும் உண்டு.

தேங்காய் எண்ணெய்?

கேரளாவில் இது நிஜமாகவே நடந்தது. தேங்காய் எண்ணெய் விலை சரிந்திருந்த காலத்தில், ஆட்டோ ஓட்டுநர்கள் பலர் அதை 2டி ஆயிலாகப் பயன்படுத்தினார்கள். கேரள ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெயை உராய்வுச் சோதனைகளுக்கு உட்படுத்தி, 2006, 2007 ஆண்டுகளில் ‘டிரைபாலஜி இன்டர்நேஷனல்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சூட்டில் கெடாமல் தாங்குவதில் மற்ற பல தாவர எண்ணெய்களைவிட அது மேல். தேய்மானத்தைத் தடுக்க மட்டும் கூடுதல் ரசாயனங்கள் சேர்க்க வேண்டும். ஆனால், குளிர்தான் அதன் எதிரி.

சுமார் 25 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். கடற்கரை ஊரில் அது பெரிய பிரச்னை இல்லை. ஓசூரோ கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையே வெயிலில் வைத்து உருக்கும் ஊரில், கார்புரேட்டரின் ஊசித்துளைக்குள் அது எப்படி ஓடும்?

ஜாம் ஆனால் என்ன ஆகும்?

ஆயில் போகாத பிஸ்டன் சூடேறி விரிந்து, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கியர் வண்டியில் இப்படி ஆனால் பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது அப்படி நடந்தால், அது உயிர் பிரச்னை. வண்டி திடீரென இறுகுவதுபோல் தெரிந்தால் உடனே கிளட்ச்சைப் பிடித்து, ஓரம் கட்டுவதுதான் ஒரே வழி.

மிச்சமாகும் காசையும் பார்ப்போம். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்று வைத்தால், தினம் அரை லிட்டர் பெட்ரோல் போடுகிறவருக்கு 10 மில்லி. ஒரு லிட்டர் ஆயில் 100 நாள் வரும். 100 நாளைக்கு ஒரு லிட்டரை மிச்சம் பிடிக்கப் போய், போர் வேலையும் புது பிஸ்டனும் தலையில் விழுந்தால் கணக்கு எங்கே தேறும்?

‘தாவர எண்ணெய் ஊற்றினால் புகை மாசு போய்விடும்’ என்பதும் பாதி உண்மைதான். கசியும் எண்ணெய் மண்ணில் சீக்கிரம் மட்கும். ஆனால், டூ-ஸ்ட்ரோக்கின் பெரிய குறையே, பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறுவது. எந்த எண்ணெயும் அதைத் தடுக்காது. எக்ஸ்.எல் மொபெட்டே 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறியது, புகை விதிகள் இறுகிவந்த காலத்தில்தான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

* டப்பாவில் ‘ஜாஸோ எஃப்.சி’ அல்லது ‘எஃப்.டி’ தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவை புகை குறைந்த ரகங்கள்.
* கையேட்டில் உள்ள அளவையே கலக்குங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஊத்துனா நல்லது’ என்று ஊற்றினால் புகையும் கரியும்தான் கூடும், பிளக் அடைபடும்.
* சாதாரண 2டி ஆயிலோடு விளக்கெண்ணெயைக் கலக்க வேண்டாம்.
* ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பிறகு ஓட்டுங்கள்.

ஆமணக்கு விவசாயிகள் இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். வரப்போரம் நிற்கும் அந்தச் செடிக்கு வண்டியில் ஏற்கெனவே இடம் உண்டு. சக்கர பேரிங்கில் வைக்கும் லித்தியம் கிரீஸின் முக்கிய மூலப்பொருள், பெரும்பாலும் விளக்கெண்ணெயிலிருந்து எடுக்கப்படும் ஒரு கொழுப்பு அமிலம்தான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே நடத்துகிறது.

ஆலையில் பக்குவப்பட்டு வரும் ஆமணக்கு, வண்டிக்கு நண்பன். சமையல்கட்டிலிருந்து நேராக டேங்குக்குப் போனால்தான் வம்பு!