ஹோம் ஸ்டூடியோவை "முதலீடு"ன்னு சொல்லி வாங்காதீங்க, செலவுன்னு சொல்லி வாங்குங்க



போன மாசம் நம்ம சேனல் பார்க்குற ஒரு தம்பி, ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்டோட ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு அனுப்பியிருந்தார். கைக்கு வர்ற சம்பளம் 42,000 ரூபாய். கார்ட்ல மொத்தம் 1,62,000 ரூபாய். கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், 61 கீ மிடி கீபோர்டு, சுவர்ல ஒட்டுற ஃபோம், இதுக்காகவே ஒரு புது லேப்டாப். கீழே ரெண்டே வரி: "அண்ணா, இது செலவு இல்ல, என் மேல நான் பண்ற முதலீடு. 18 மாச இஎம்ஐ-ல எடுக்கலாமா?"

சிஏ-கிட்ட இப்படிக் கேட்டா "வேண்டாம் தம்பி, அந்தப் பணத்தை எஸ்ஐபி-ல போடு"ன்னு பதில் வரும்னு எல்லாரும் எதிர்பார்ப்பாங்க. நான் அதைச் சொல்லப் போறதில்ல. பாடணும்னு ஆசை இருந்தா மைக் வாங்குங்க. சம்பாதிக்கிறதே இதுக்கும் சேர்த்துத்தான். என் சண்டை "முதலீடு"ங்கிற அந்த ஒரு வார்த்தையோட மட்டும்தான்.

ஏன்னா அந்தத் தப்பை நான் ஏற்கெனவே பண்ணியிருக்கேன். சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சென்னையில மெயின் ரோட்டை ஒட்டின ஒரு ரூம்ல இருந்தேன். நல்ல விலையில ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். ரெக்கார்டு பண்ணிக் கேட்டா என் குரலைத் தவிர எல்லாம் தெளிவா இருந்துச்சு. ஃபேன், பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாம்! மைக் மேல தப்பில்ல. சின்னச் சத்தத்தையும் விடாம பிடிக்கிறதுதான் அதோட வேலை. அந்த ரூமுக்கு அது தப்பான மைக். எட்டு மாசத்துல பாதி விலைக்கு வித்தேன். "கவர் பாட்டு போட்டு சம்பாதிச்சுடலாம்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டதால, வாங்குறப்ப நான் கணக்கே போடல. கணக்கு எழுதறவனோட கதையே இப்படி!

இஎம்ஐ கணக்கு

தம்பியோட கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,62,000 ரூபாய், 18 மாசம், வருஷத்துக்கு 16 சதவீத வட்டி. மாசத் தவணை சுமார் 10,180 ரூபாய். அதாவது சம்பளத்துல கிட்டத்தட்ட கால் பங்கு. மொத்த வட்டி சுமார் 21,300. கிரெடிட் கார்டு இஎம்ஐ-ன்னா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 3,800. ஆக 25,000 ரூபாய் கூடுதல். இந்தக் கூடுதல் பணத்துக்கே ஒரு ஆரம்ப நிலை செட்டப் முழுசா வந்துடும். அது எப்படின்னு கீழே சொல்றேன்.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே"ன்னு கேட்பீங்க. கடன் கொடுக்கிறவங்க யாரும் வட்டியை விட்டுக் கொடுக்கிறதில்ல. பெரும்பாலும் அந்த வட்டித் தொகையைத் தள்ளுபடியா காட்டி, பின்னாடி வட்டியா வசூலிக்கிறாங்க. அதுக்கு ஜிஎஸ்டியும், பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணமும் தனி. ஜீரோ பர்சன்ட் திட்டங்கள்ல வட்டி மறைக்கப்படுதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே ஆட்சேபம் சொன்ன விஷயம் இது.

ஏன் இது முதலீடு இல்ல?

முதலீடுன்னா, எப்போ, எங்கிருந்து, எவ்வளவு திரும்பி வரும்னு ஓரளவாவது சொல்லத் தெரியணும். யூடியூப் விளம்பர வருமானத்துல பங்கு கிடைக்கணும்னா முதல்ல 1,000 சப்ஸ்கிரைபர், அதோட 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை வேணும். ஷார்ட்ஸ் வழியா போனா 90 நாள்ல ஒரு கோடி பார்வை. சினிமாப் பாட்டை கவர் பண்ணினா உரிமை இசை நிறுவனத்துக்கிட்ட இருக்கு, வருமானமும் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஆனா உங்க இஎம்ஐ அடுத்த மாசமே ஆரம்பிச்சுடும்.

"வரியில கழிச்சுக்கலாமே?" இதுவும் அடிக்கடி வர்ற கேள்வி. சம்பள வருமானத்துல இருந்து மைக் வாங்கின செலவைக் கழிக்க முடியாது. இசையில நிஜமாவே தொழில் வருமானம் வந்தா, அந்த வருமானத்துக்கு எதிரா தேய்மானம் காட்டலாம்: பொதுவா கருவிகளுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுல பாதி. ஐடிஆர்-1 போதாது, 3 அல்லது 4 போடணும். அந்தத் தொழில்ல நஷ்டம் வந்தாலும் அதைச் சம்பளத்தோட ஈடுகட்டச் சட்டம் அனுமதிக்கல.

"ரஹ்மானும் வீட்டுலதான் ஆரம்பிச்சார்"னு ஒரு வாதம் வரும். உண்மைதான். 1989-ல வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் ஸ்டூடியோவை ஆரம்பிச்சார், 1992-ல 'ரோஜா' வந்துச்சு. ஆனா ஸ்டூடியோவுக்கு முன்னாடியே, சின்ன வயசுல இருந்து பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசிச்சுட்டிருந்தவர் அவர். வேலை முதல்ல வந்துச்சு, ஸ்டூடியோ பின்னாடி வந்துச்சு. நாம அந்த வரிசையைத் தலைகீழா மாத்திட்டு அவர் பேரை உதாரணமா சொல்றோம். பில்லி ஐலிஷோட 2019 ஆல்பத்தைப் பெரும்பாலும் அவங்க அண்ணன் ஃபினியஸோட பெட்ரூம்லதான் ரெக்கார்டு பண்ணாங்க, 2020-ல அது கிராமி வாங்குச்சு. பெட்ரூம் போதும்னுதான் அந்தக் கதையும் சொல்லுது.

சரி, என்ன வாங்கலாம்?

லேப்டாப் ஏற்கெனவே இருக்குன்னு வச்சுக்கறேன். ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். அதுல சாஃப்ட்வேர், டிரைவர் போட ஐடி டீம் விடமாட்டாங்க, வேலையை விட்டா திருப்பிக் கொடுக்கணும். விலை எல்லாம் தோராயம்தான்:

- ஒண்ணு அல்லது ரெண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்: 10,000
- டைனமிக் மைக்: 6,000. கண்டென்சர் அளவுக்கு ரூம் சத்தத்தை இழுக்காது, 48 வோல்ட் பேன்டம் பவரும் தேவையில்ல
- காதை முழுசா மூடுற க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோன்: 4,000. அப்பதான் பின்னணி இசை மைக்ல கசியாது
- ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் கேபிள், பாப் ஃபில்டர்: 2,000

மொத்தம் 22,000. சாஃப்ட்வேருக்கு இப்போதைக்குச் செலவு இல்ல. மேக் இருந்தா கேரேஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ்ல ரீப்பர் 60 நாள் முழுசா பயன்படுத்திப் பார்த்துட்டு, பிடிச்சா 60 டாலர் தனிநபர் லைசென்ஸ் வாங்கலாம்.

ஃபோம் வேண்டாம். அது ரூமுக்குள்ள எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது. துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து வச்சு, அதுக்கு முதுகைக் காட்டி நின்னு பாடுங்க. மைக்கோட பின்பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்க. ரெக்கார்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அளவு உச்சத்துல மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருந்தா போதும். பாடும்போது உங்க குரல் லேட்டா கேட்டா லேப்டாப்பைக் குறை சொல்லாதீங்க. இன்டர்ஃபேஸ்ல இருக்கிற டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போடுங்க.

மானிட்டர் ஸ்பீக்கர் பிறகு பார்க்கலாம். எதிரொலிக்கிற ரூம்ல எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது சரியான சத்தத்தைக் காட்டாது.

மூணு பாட்டு விதி

இது நான் எனக்கே வச்சுக்கிட்ட விதி. மூணு பாட்டை முழுசா முடிச்சு, நாலு பேருக்கு அனுப்பின பிறகுதான் அடுத்த பொருள். அதுவும் "இந்தப் பாட்டுல இந்தக் குறை, அதுக்கு இந்தப் பொருள்"னு ஒரே வாக்கியத்துல சொல்ல முடியணும். சொல்ல முடியலன்னா தேவை இல்ல, ஆசை. ஆசைக்கும் வாங்கலாம், ஆனா இஎம்ஐ-ல இல்ல. மாசம் 3,000 தனியா ஒரு ஆர்டி-ல போட்டா எட்டாவது மாசம் 22,000 தாண்டிடும். அந்த எட்டு மாசமும் ஃபோன்லயே ரெக்கார்டு பண்ணிப் பழகுங்க. அதுக்குள்ள ஆர்வம் போயிடுச்சுன்னா பணம் உங்ககிட்டயே இருக்கும். எமர்ஜென்சி ஃபண்டும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் இல்லாதவங்க முதல்ல அதை முடிங்க.

"மட்டமான பொருள் வாங்கினா சீக்கிரம் சலிச்சுடாதா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா என்னைச் சலிக்க வச்சது பொருளோட தரம் இல்ல. இது சம்பாதிச்சுக் கொடுக்கணும்கிற எதிர்பார்ப்புதான். பாட்டு போட்ட உடனே எத்தனை வியூஸ்னு பார்ப்பேன், மனசுக்குள்ள மைக் விலையை அதால வகுப்பேன். பாடுறதுல இருந்த சந்தோஷம் போனது அங்கேதான். செலவுன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா இந்தப் பாரம் கிடையாது. சினிமா டிக்கெட் வாங்கிட்டு "எவ்வளவு ரிட்டர்ன்?"னு யாரும் கேட்கிறதில்லையே.

அந்தத் தம்பிக்கும் இதைத்தான் எழுதினேன். ரெண்டு வாரம் பதில் இல்ல, கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சேன். அப்புறம் ஒரு ஆடியோ ஃபைல் வந்துச்சு. ஃபோன்ல ரெக்கார்டு பண்ணது, அவரே எழுதின பாட்டு, நடுவுல மிக்ஸி சத்தம். "ஒண்ணு முடிச்சிட்டேன் அண்ணா, இன்னும் ரெண்டு"ன்னு எழுதியிருந்தார்.

உங்க கார்ட்ல இப்போ என்ன இருக்கு? அதுல எதுக்கெல்லாம் "முதலீடு"ன்னு பேர் வச்சிருக்கீங்க? ஒரு தடவை பார்த்துட்டு, பிறகு பணத்தைக் கட்டுங்க.