நோயை மறைப்பது பொறுமையாகாது





சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாலை. சிதம்பரத்தில் நாம் தொழும் பள்ளிவாசலில் நோன்பு திறக்க அமர்ந்திருந்தோம். அருகில் அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டவர், விழுங்க இயலாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் அருந்தினார், அதுவும் எதுக்களித்தது. "ஒண்ணுமில்ல ஹஜ்ரத், கொஞ்ச நாளாவே இப்படித்தான். கஞ்சி எறங்குது, அது போதும்" என்றார். நாமும், "வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு எழுந்துவிட்டோம்.

அந்தச் சொல் இன்றுவரை நம்மை உறுத்துகிறது. ஐந்து மாதங்கள் கழித்து, ஆள் பாதியாக இளைத்த பிறகே பிள்ளைகள் அவரை எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துச் சென்றனர். உணவுக்குழாயில் புற்று; கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டது என்றார்கள். கஞ்சியாவது இறங்கட்டும் என்று, அடைபட்ட இடத்தில் கம்பிவலைக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். அடுத்த ரமளானின் பிறையை அவர் காணவில்லை. அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிமயமாக்குவானாக!

ஒவ்வொருவரின் தவணையும் அல்லாஹ்விடம் உள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மறுமையில் நாம் விசாரிக்கப்படப்போவது நம் செயலைப் பற்றி. அறியாத ஒன்றில் அறிந்தவர்போல் பதில் சொன்னோம் அல்லவா? பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவர், குளிப்பு கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். கூடாது என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபமுற்றார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் பதிவான இந்நிகழ்வை நாம் மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறோம். நோன்பு திறக்கும் விரிப்பில் அது நம் நினைவுக்கு வரவில்லை.

ஆகவேதான் இதை எழுதுகிறோம். நம் பகுதி மக்கள் வயிற்று நோயை மறைப்பதற்கு இரு காரணங்களைக் காண்கிறோம். ஒன்று, எல்லாவற்றையும் 'கேஸ்' என்று எண்ணி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம். மற்றொன்று, கத்தி பற்றிய அச்சம். "நெஞ்சைப் பிளப்பார்கள், ஆறு மாதம் படுக்கையில் கிடக்க வேண்டும், அப்புறம் யார் கடையைப் பார்ப்பது?" என்று கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த அச்சத்திற்கு நியாயம் இருந்தது. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது.

கடலூர் முதுநகரைச் சேர்ந்த சகோதரி ஒருவரின் நிலையைச் சொல்கிறோம். சோறும் தண்ணீரும் நெஞ்சிலேயே நிற்கும். இரவில் படுத்தால் உண்டது திரும்ப வாய்க்கு வரும். அல்சர் என்றும் மனக்கவலை என்றும் சொல்லியே மூன்று ஆண்டுகள் ஓடின. இறுதியில் 'அகலேசியா' எனக் கண்டறிந்தனர். உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசை, உணவு வரும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். இந்நோயில் அது தளர்வதில்லை. அறுவை சிகிச்சை என்றதும் அவருடைய கணவர் நம்மிடம் வந்தார். செலவைவிட, "ஆண் டாக்டர் செய்யலாமா ஹஜ்ரத்?" என்பதே அவரது கவலையாக இருந்தது. தகுதியான பெண் மருத்துவர் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காதபோது, தேவையான அளவிற்கு, செவிலியர் உடனிருக்க, ஆண் மருத்துவர் சிகிச்சை செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி என்று விளக்கினோம். லேப்ராஸ்கோப்பி முறையில் ஐந்து சிறு துளைகள் வழியே அச்சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் வீடு திரும்பினார். இப்போது பேரப்பிள்ளைகளுடன் அமர்ந்து உண்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இம்முறையின் செயல்பாடு எளிதில் விளங்கக்கூடியதே. வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்குகிறார்கள். ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையிலான துளைகளின் வழியே விளக்குடன் கூடிய கேமராவும் நீண்ட மெல்லிய கருவிகளும் செல்கின்றன. திரையில் தெரியும் பெரிதாக்கிய காட்சியைப் பார்த்து மருத்துவர் வேலை செய்கிறார். அகலேசியாவில் இறுகிய தசையைக் கீறி விடுகிறார்கள். 1913இல் ஜெர்மானிய மருத்துவர் ஹெல்லர் வயிற்றைத் திறந்து செய்ததே இன்று துளைவழி நடக்கிறது. ஜப்பானிய மருத்துவர் இனோவே 2008இல் தொடங்கிய முறையிலோ உடலின் வெளியே துளைகூட இல்லை. வாய்வழி எண்டோஸ்கோப்பியே போதும். மருந்துக்கு அடங்காத கடும் எதுக்களிப்புக்கு, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றி மப்ளர்போல் போர்த்தித் தைக்கிறார்கள். நிஸ்ஸன் என்பவர் 1950களில் வகுத்த இம்முறை, 1991இல் துளைவழிச் சிகிச்சையானது.

உணவுக்குழாய்ப் புற்றுக்கான அறுவை இவற்றினும் பெரிது. குழாயின் நோயுற்ற பகுதியை அகற்றி, இரைப்பையையே குழாயாக வடித்து மேலே இழுத்து இணைக்க வேண்டும். முன்பு இதற்கு விலா எலும்புகளை விரித்து நெஞ்சைத் திறந்தனர். அந்த வலியில் நோயாளியால் ஆழ்ந்து மூச்சுவிட முடியாது. நுரையீரலில் சளி தங்கிக் கிருமி பற்றும். இந்த இடத்தில் நம் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. கோவை மருத்துவர் சி. பழனிவேலுவின் குழுவினர், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்பில் துளையிட்டுச் செய்த 130 அறுவைகளின் அனுபவத்தை 2006இல் வெளியிட்டனர். 2012இல் 'லான்செட்' இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வும் குப்புறப் படுக்கவைக்கும் முறையையே கையாண்டது. திறந்த அறுவைக்குள்ளான 56 பேரில் 16 பேருக்கு முதல் இரு வாரங்களில் நுரையீரல் தொற்று ஏற்பட்டது. துளைவழிச் சிகிச்சை பெற்ற 59 பேரில் 5 பேருக்கே ஏற்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் அஸ்ஸஹ்ராவி அறுவைக் கருவிகளை ஒவ்வொன்றாக வரைந்து நூலில் பதித்தார். அவரை நம் முன்னோர் என்று மேடைகளில் பெருமை பேசும் நாம், மருத்துவமனை வாசலில் மட்டும் தயங்கி நிற்பது முறையா?

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. "தையலே இல்லை, இரண்டே நாள்" என்னும் விளம்பரத்தைக் கண்டு, நெஞ்செரிச்சல் உள்ளவரெல்லாம் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு உணவு ஒழுங்கும், எடைக் குறைப்பும், மருத்துவர் தரும் மருந்துமே போதும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கச் சொன்ன நபிமொழியை, ஸஹனைச் சுற்றி அமரும்போதும் நினைவில் கொள்வோமாக! அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டால், எண்டோஸ்கோப்பியுடன் அமில அளவும் உணவுக்குழாயின் அழுத்தமும் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேளுங்கள். இவ்வகை அறுவையில் மருத்துவருக்கு உள்ள அனுபவத்தைக் கேளுங்கள். சிலருக்குப் பின்னர் விழுங்குவதில் இறுக்கமோ வயிற்று உப்புசமோ வரலாம். இடையில் சிக்கல் நேர்ந்தால் மருத்துவர் வயிற்றைத் திறக்க முடிவெடுப்பதும் உண்டு. அது தோல்வியன்று, உயிர் காக்கும் விவேகம். துளை சிறிதாக இருப்பதால் உள்ளே நடக்கும் வேலை சிறிதாகிவிடாது.

காலம் தாழ்த்தவே கூடாத அறிகுறிகள் சில உண்டு. விழுங்குவது நாளுக்கு நாள் கடினமாவது, காரணமின்றி எடை குறைவது, இரத்த வாந்தி, கருநிற மலம், தொடர் சோகை. இவற்றில் ஒன்று கண்டாலும் மாத்திரைக் கடையைத் தாண்டி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளுள் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் உள்ளது. புகையிலையும் பாக்கும் உணவுக்குழாய்க்குப் பகை. கொதிக்கக் கொதிக்க அருந்தும் பானமும் ஐயத்திற்குரியது என 2016இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. கரையோர மக்களாகிய நாம் கருவாட்டின் உப்பையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

வசதியில்லை என்பதும் முழுக் காரணமாகாது. அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கப்பட்டு இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை உண்டு. அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஜிப்மர். இரைப்பை, குடல் அறுவைக்கென்றே அங்கு தனித்துறை இயங்குகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணைநிற்கிறது. குறை எங்கே என்றால், வருமானச் சான்றுக்கு அலையவும், புதுச்சேரிக்குத் துணைக்குப் போகவும், வார்டில் ஓர் இரவு காவல் இருக்கவும் ஆள் இல்லாமையே. ஜனாஸாவுக்கு நூறு பேர் திரள்கிறோம். அந்த மனிதர் உயிரோடிருக்கையில் ஸ்கேனுக்கு அழைத்துச் செல்ல ஒருவர் கிடைப்பதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் இதற்கென இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்கினால் போதும். ஜும்ஆ அறிவிப்பில் அவர்களின் பெயரைச் சொல்லலாம்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது இறையச்சமாகாது. உணவுக்குழாய் அறுவைக்குப் பின் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டியிருக்கும். அவர் நோன்பைப் பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இப்போதெல்லாம் எவரேனும் நம்மிடம் "நெஞ்சில் நிக்குது ஹஜ்ரத்" என்றால், நாம் ஓமத்தண்ணீர் சொல்வதில்லை. "எத்தனை நாளாக?" என்று கேட்கிறோம். மறுநாள் காலை நாமே உடன் செல்கிறோம்.

எல்லா நோய்க்கும் மருந்தை இறக்கிய வல்ல நாயன், அதைக் காலத்தே தேடும் அறிவையும், தேடுவோருக்குத் துணைநிற்கும் மனத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.