வீட்டுத் தோட்டம்: பனிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

சென்ற இதழில் கீரைப் பாத்தி பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கொடைக்கானலிலிருந்து ஒரு சகோதரி, "உங்கள் பேச்சைக் கேட்டு ஆசையாக விதைத்தேன். மார்கழிப் பனியில் ஒரே ராத்திரியில் எல்லாம் கருகிப் போச்சு. பனிக் காலத்தில் நாற்று வளர்க்க வழியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். வழி இருக்கிறது. அதை நான் இரண்டு முறை நாற்றைப் பறிகொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. காலையில் எழுந்து பார்த்தால் புல்தரை முழுக்க உப்பைக் கொட்டி வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. தோட்டம் போட்டவளுக்கு வயிற்றெரிச்சல்.

2022 ஜனவரியில் பின்கட்டில் தக்காளியும் காலிபிளவரும் நாற்று விட்டிருந்தேன். தக்காளி நாலு இலை விட்டுத் தளதளவென்று இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. "ஆஹா, எவ்வளவு அழகாக இருக்கிறது" என்று நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தக்காளி நாற்று முழுக்கச் சுருண்டு, வெயில் ஏறியதும் வெந்நீரில் போட்ட மாதிரி கறுத்துத் துவண்டுவிட்டது. காலிபிளவரில் பாதிதான் பிழைத்தது.

பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் சொன்னார்: "வானம் தெளிஞ்சு காத்து நின்னா அன்னிக்குப் பனி நிச்சயம். மேகம் இருந்தாத்தான் நமக்கு நிம்மதி." உண்மைதான். பகலில் வாங்கிய சூட்டைப் பூமி ராத்திரியில் வானத்தைப் பார்த்து விட்டுவிடும். மேகம் இருந்தால் அது ஒரு கம்பளி மாதிரி சூட்டைத் தடுத்து வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். அதனால்தான் மேட்டிலே இருக்கிற வீட்டுச் செடி தப்பும், பள்ளத்து வீட்டுச் செடி கருகும்.

1848-ல் தொடங்கப்பட்ட ஊட்டி தாவரவியல் பூங்காவில் இந்த மாசங்களில் பூச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கிளைகளைக் கொண்டுவந்து மூடி வைப்பார்கள். புல்தரை கருகாமல் இருக்கக் காலையிலேயே தண்ணீர் தெளிப்பார்கள். பெரிய செடிக்கு மிலார் போதும். தளிர் நாற்றுக்கு வெளிச்சமும் வேண்டுமே! அதற்குத்தான் கண்ணாடிப் பெட்டி. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இதைக் 'கோல்ட் பிரேம்' என்பார்கள். அடி இல்லாத ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு பழைய ஜன்னல், அவ்வளவுதான். அடுப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். பகலில் சூரியன் கொடுக்கிற சூட்டை ராத்திரிக்குச் சேமித்து வைக்கும்.

தேவையானவை

பழைய கண்ணாடி ஜன்னல் கதவு 1. வீடு இடிக்கிற இடத்திலும் பழைய மரக்கடையிலும் கிடைக்கும். என்னுடையது 4 அடி நீளம், 2 அடி அகலம்.
ஆறு அங்குல அகலப் பலகை: 4 அடி நீளத்தில் 5, 23 அங்குல நீளத்தில் 5. பாக்கிங் பெட்டிப் பலகையே போதும்.
மூலைக்கு ரீப்பர் துண்டு 4, கீல் 2, ஆணி, கொஞ்சம் சுண்ணாம்பு.
ராத்திரிக்குப் போர்த்தப் பழைய கோணிச் சாக்கு 3.

செய்முறை

முதலில் ஜன்னலை வாங்குங்கள், பிறகு பெட்டியைச் செய்யுங்கள். நான் பெட்டியைச் செய்துவிட்டு ஜன்னல் தேடி அலைந்தது போதும்!

பெட்டியின் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெயிலும் நன்றாக உள்ளே விழும், மழைத் தண்ணீரும் வழிந்து ஓடும். பின்பக்கத்துக்கு 4 அடிப் பலகை மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ரீப்பரில் அடித்தால் 18 அங்குல உயரம். முன்பக்கத்துக்கு இரண்டு பலகை, 12 அங்குல உயரம். இரண்டு பக்கவாட்டுக்கும் 23 அங்குலப் பலகை இரண்டிரண்டு. மிச்சம் இருக்கிற ஒரு பலகையை மூலைக்கு மூலை குறுக்காக அறுத்தால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். ஆளுக்கொன்றாக இரண்டு பக்கமும் மேலே வைத்து அடித்துவிட்டால் சரிவு தானாக வந்துவிடும். சரிவாக வைக்கும்போது ஜன்னல் கொஞ்சம் குட்டையாகிவிடும். அதனால்தான் 24 அங்குல ஜன்னலுக்குப் பக்கப் பலகையை 23 அங்குலமாக வெட்டச் சொல்கிறேன்.

ஜன்னலைப் பின்பக்கத்துப் பலகையில் கீல் வைத்துப் பூட்டுங்கள். உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் திருப்பி அடித்து நாற்று ஒரே பக்கம் சாயாமல் நிற்கும். மரம் உளுத்துப் போகாமல் இருக்கட்டும் என்று தார், கழிவு எண்ணெய் எதையும் உள்ளே பூசாதீர்கள். மூடிய பெட்டிக்குள் அந்த நெடி நாற்றுக்கு ஆகாது.

பெட்டியின் தாழ்ந்த பக்கம் தெற்கைப் பார்த்து இருக்க வேண்டும். பனிக் காலத்தில் நம் பக்கத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. சுவர் ராத்திரியில் கொஞ்சம் சூடு விடும். வெளிப்பக்கம் நாலு விரற்கடை உயரத்துக்கு மண் அணைத்துவிடுங்கள். இடுக்கில் பழைய துணியைத் திணியுங்கள்.

உள்ளே மண்ணைக் கொத்தி, செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்காகக் கலந்து ஆறு அங்குலத்துக்குப் பரப்புங்கள். மூன்று அங்குல இடைவெளியில் கோடு கிழித்து விதையைக் கலக்கமாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் ஈரம் தங்கி நாற்றழுகல் வரும், தண்டு அடியில் நைந்து வரிசையாகச் சாயும். தண்ணீரைப் பூவாளியால் காலையில் மட்டும் தெளியுங்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும்.

முட்டைகோஸ், காலிபிளவர், நூல்கோல், லெட்டூஸ், தக்காளி எல்லாம் பெட்டிக்கு ஏற்றவை. கேரட்டைப் போடாதீர்கள். அதைப் பிடுங்கி நட்டால் கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். நேரே பாத்தியில் விதைப்பதே சரி.

இத்தனையும் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் முதல் வருஷம் தோற்றேன். அது எப்படி என்றுதான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

2022 டிசம்பர் ஆரம்பத்தில் பெட்டியில் விதைத்தேன். இரண்டு வாரமாக ஒரே மூட்டமும் சாரலும். மூடிய பெட்டியை நான் திறக்கவே இல்லை. நாற்று ஜோராக முளைத்தது. அந்தச் சமயம் கோயம்புத்தூரில் இருக்கிற என் மகளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் பச்சைக் குழந்தையை இந்தக் குளிரில் வைத்துக்கொள்ள எனக்கே தைரியம் இல்லை. சம்பந்தி வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, நான் பத்து நாள் அங்கே போனேன். பெட்டியை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன்.

தினமும் சாயங்காலம் போனில் கேட்பேன்: "என்னங்க, பெட்டியை மூடிட்டீங்களா?"

"மூடிட்டேம்மா, சாக்கும் போட்டுட்டேன்" என்பார். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? பேத்தி பிறந்ததும் நான் ஊரிலிருந்து பின்னிக் கொண்டுபோன ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு, மேலே கம்பளியும் சுற்றி வைத்தேன். ஐந்தாம் நாள் குழந்தை ஓயாமல் அழுதது. கழுத்து, முதுகு எல்லாம் சிவப்பாகப் பொரிப் பொரியாக இருந்தது. நான் பயந்துபோய் எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைத்தோமோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். குழந்தையைப் பார்க்க வந்த நர்சம்மா கம்பளியைப் பிரித்தார், ஸ்வெட்டரைக் கழற்றினார். "அம்மா, இது உங்க மலை இல்லை. வேர்க்குரு வந்திருக்கு பாருங்க. நமக்கு எத்தனை துணி வேணுமோ, அதுக்கு மேல ஒரு சுற்று போதும் குழந்தைக்கு. கை கால் சில்லுன்னு இருக்கேன்னு பார்க்காதீங்க. நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்க. அங்கே வேர்த்திருந்தா துணி அதிகம்னு அர்த்தம்" என்றார். கால் மணியில் குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பத்தாம் நாள் வீடு திரும்பினேன். பையை வைத்ததும் நேரே பின்கட்டுக்குத்தான் போனேன். பெட்டி ஒழுங்காக மூடியிருந்தது. உள்ளே நாற்று முழுக்க வெளுத்து, வதங்கி, கீரையை வேகவைத்த மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"நீ சொன்ன மாதிரி ஒரு நாள் விடாமல் மூடி வைத்தேனே!" என்றார் அவர். சாக்கைக் காலையில் எடுத்திருக்கிறார். கண்ணாடியைத் திறக்கவில்லை. நான் போன மறுநாளிலிருந்து பளிச்சென்று வெயில் அடித்திருக்கிறது. வெளியே நமக்கு ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். ஆனால் மூடிய கண்ணாடிக்குள் நடுப்பகலில் கை வைக்க முடியாத சூடு ஏறிவிடும்.

வாய் வரைக்கும் கோபம் வந்தது. ஆனால் பத்து நாளும் "மூடிட்டீங்களா" என்று கேட்ட நான், ஒரு நாளாவது "திறந்தீங்களா" என்று கேட்டேனா? கோயம்புத்தூரில் குழந்தைக்குக் கம்பளி சுற்றினவளும் நான்தானே! பேசாமல் போய்க் காப்பி போட்டேன். பிறகு பேத்தியின் வேர்க்குரு கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் ஒரு முட்டுக்கொம்பு செய்தார். ஒரு முழக் குச்சியில் மூன்று வெட்டு. முதல் வெட்டில் நிறுத்தினால் கண்ணாடி இரண்டு விரல் திறக்கும், இரண்டாவதில் ஒரு சாண், மூன்றாவதில் பாதி. ஜனவரியில் மறுபடி விதைத்தோம். அன்று முதல் இதுதான் எங்கள் வீட்டு நியமம்:

காலை 8 மணி: வெயில் பட்டதும் சாக்கை எடுக்க வேண்டும்.
9 மணி: முதல் வெட்டு. அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது.
11 மணி: வெயில் இருந்தால் மூன்றாவது வெட்டு. நல்ல வெயில் என்றால் முழுக்கத் திறக்கலாம். மூட்டமாக இருந்தால் முதல் வெட்டே போதும்.
மாலை 4 மணி: மூட வேண்டும். வெயில் போன பிறகு மூடினால் சேமிக்கச் சூடே இருக்காது.
இருட்டியதும்: சாக்கு போர்த்த வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் இரண்டு மடிப்பு.

உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் தொங்கவிட்டால் சௌகரியம். 25 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். இல்லாவிட்டால் கையை உள்ளே நுழைத்துப் பாருங்கள். குளிர் காலத்துச் சமையலறை மாதிரி இதமாக இருந்தால் சரி. குப்பென்று அடித்தால் உடனே திற! பகல் முழுக்க வெளியே போக வேண்டிய நாளில் காலையிலேயே பாதி திறந்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் குளிர்ந்தால் நாற்று தாங்கும், வெந்தால் தாங்காது. ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்தால் பகல் சூட்டை வாங்கி ராத்திரியில் மெல்ல விடும்.

நடுவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து நாற்றைப் பழக்க வேண்டும். முதலில் பகல் முழுக்கத் திறந்து, தண்ணீரைக் குறைத்து, கடைசி இரண்டு மூன்று ராத்திரி பனி இல்லாவிட்டால் ராத்திரியும் திறந்து விடுங்கள். ஒரேயடியாகப் பொத்தி வளர்த்து ஒரே நாளில் வெளியே விட்டால் நாற்றும் தாங்காது. அந்த வருஷம் மார்ச் முதல் வாரம் பனி நின்றதும் நட்டோம். அக்கம்பக்கத்தில் அப்போதுதான் விதைக்கவே ஆரம்பித்திருந்தார்கள்.

தவழ்கிற, ஓடுகிற குழந்தை உள்ள வீட்டில் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் தகடு போடுங்கள். கண்ணாடிதான் என்றால் மேலே கம்பி வலை கட்டாயம். எங்கள் பக்கம் காட்டெருமை வேறு வேலியைத் தாண்டி வரும். அதற்கு எந்தத் தகடும் தாங்காது!

சென்னை, மதுரைச் சகோதரிகள் தயவுசெய்து இந்தப் பெட்டியைச் செய்ய வேண்டாம். உங்கள் ஊரில் ஜனவரியிலேயே நாற்று வெந்துவிடும். அதே சட்டத்தில் கண்ணாடிக்குப் பதில் தென்னங்கீற்று வைத்து நிழல் கொடுங்கள். கொடைக்கானல், மூணாறு, இலங்கையில் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைகளில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

இப்போதெல்லாம் மகள் போன் செய்தால் என் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "குழந்தை சாப்பிட்டாளா?" இல்லை. "ஸ்வெட்டரைக் கழட்டினாயா?" என்பதுதான். பக்கத்தில் நின்று நான், "ஏங்க, பெட்டியைத் திறந்தீங்களா?" என்பேன்.

அடுத்த இதழில் நாற்றை வேர் அறுபடாமல் பிடுங்கி நடுவது எப்படி என்று சொல்கிறேன்.