இறந்தார்க்குப் பணி செய்யக் கற்றல்

பிறந்தார் யாவரும் ஒருநாள் இறப்பர் என்பதனை அறியாதார் இலர். ஆயின் இறந்தார்க்கு இறுதிப்பணி ஆற்றுவோர் அப்பணியை எங்ஙனம் கற்கின்றனர் என வினவுவார் மிகச் சிலரே. யாமும் சென்ற கோடை விடுமுறை வரை வினவினோமல்லோம்.

அவ்விடுமுறையில், வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்து இறந்த இளைஞர் ஒருவரின் உடல் எம் சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. இறந்து ஒன்பது நாள் கழிந்திருந்தது. பெட்டியைத் திறக்க வேண்டா என்றனர் ஊர்ப் பெரியோர், அன்னையார் கேட்டிலர். திறந்தபோது அவர் உறங்குவார்போற் கிடந்தார். தலைமயிரின் வகிடு மட்டும் பக்கம் மாறியிருந்தது. அன்னையார் அதனைத் தம் விரலாலே திருத்தினார். உடலோடு வந்த தாள்களைப் படித்துச் சொல்லுமாறு, கல்லூரி மாணவர் என்பதுபற்றி எம்மை அழைத்தனர். அவற்றுள் ஒன்று, உடல் கெடாவண்ணம் பதப்படுத்தப்பட்டது எனக் கூறும் எம்பாமிங் சான்றிதழ். யாரோ ஒருவர் எங்கோ கற்ற கல்வியால் ஒரு தாய் தன் மகன் முகத்தைக் கண்டாள் என அன்று உணர்ந்தோம். அக்கல்வி யாது என அறிய அவா எழுந்தது.

எம்பாமிங் மிகப் பரவலாக வழங்கும் அமெரிக்க நாட்டில் அது கல்லூரிக் கல்வியாகவே உள்ளது. விதிகள் மாகாணந்தோறும் வேறுபடினும், பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ ஈராண்டு படித்து, கலை, அறிவியல் என்னும் இரு பகுதியுடைய தேசியத் தேர்வில் தேறி, உரிமம் பெற்றார் ஒருவரின் கீழ்ப் பயின்ற பின்னரே இத்தொழிலிற் புகலாம். உடற்கூறு, வேதியியல், நுண்ணுயிரியல், நோய்க்கூறு, சட்டம், கணக்கு, துயருற்றாரொடு உரையாடும் முறை ஆகிய யாவும் பாடங்களே. கழுத்துத் தமனியின் வழியே பார்மால்டிஹைடு கலந்த நீர்மத்தைப் பொறியாற் செலுத்தினால், சிரை வழியே குருதி வெளியேறும். அந்நீர்மம் தசையிலுள்ள புரதங்களைப் பிணைத்து இறுக்குவதால் அழுகல் தாழ்க்கப்படுகிறது. எவ்வளவு செறிவு, எவ்வளவு அழுத்தம் என்பன உடலுக்கு உடல் வேறுபடும். நீர் கோத்து வீங்கிய உடலுக்கு ஏற்றது நோயால் வற்றிய உடலுக்கு ஏலாது. கை தவறின் முகம் வீங்கிவிடும். செய்வோர்க்கும் இடர் உண்டு. பார்மால்டிஹைடு மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்துள்ளது. இவற்றினும் எம்மை வியப்பித்தது முகத்தைச் சீரமைக்கும் கலை. மாணவர் மெழுகினால் மூக்கும் செவியும் உதடும் வனைந்து பழகுகின்றனர். விபத்திற் சிதைந்த முகத்தை நிழற்படம் ஒன்றைப் பார்த்து மீட்டல் வேண்டும் அன்றோ? வேற்றுமையுருபோடு மல்லாடும் எமக்கு இது கைவருமா என்பது ஐயமே.

இக்கல்வி அந்நாட்டில் தோன்றியது ஒரு பெரும் போரினால். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் மாண்ட வீரரின் உடல்களைத் தொலைவிலுள்ள இல்லங்களுக்கு அனுப்ப எம்பாமிங் பயன்பட்டது. 1865 இல் கொலையுண்ட ஆபிரகாம் லிங்கனின் உடல், பதப்படுத்தப்பட்டு, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்பீல்டு வரை பல நகரங்கள் வழியாகப் புகைவண்டியிற் சென்றது. திரண்ட மக்கள் அம்முகத்தைக் கண்டனர். 1882 இல் சின்சினாட்டி நகரில் இதற்கெனப் பள்ளி ஒன்று தோன்றியது. எனினும் பழங்காலத்தும் இது கல்லார் தொழிலன்று. யாக்கோபின் உடலுக்கு நாற்பது நாள் சுகந்தவர்க்கமிட்டோர் எகிப்திய வைத்தியர்களே என ஆதியாகமம் கூறுகின்றது.

'இவை யாவும் வீண் செலவு. மண்ணுக்குப் போகும் உடலுக்கு எற்றுக்கு ஒப்பனை?' என்றார் எம் விடுதி நண்பர். அவர் கூற்றை முற்றும் மறுத்தற்கில்லை. ஈமத் தொழிலின் வாணிகப் பேராசையை ஜெஸிகா மிட்போர்டு என்னும் எழுத்தாளர் 1963 இல் ஒரு நூலிற் சாடினார். 1984 முதல் அந்நாட்டு விதியொன்று ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே விலை காட்டுமாறு பணிக்கின்றது. சட்டம் வேண்டாதவிடத்து, எம்பாமிங் சட்டப்படி வேண்டும் எனப் பொய் கூறுதலையும் அது தடுக்கின்றது. எல்லா உடலுக்கும் எம்பாமிங் வேண்டும் என யாமும் கூறோம். மறுநாளே அடக்கம் செய்யும் வீட்டாருக்கு அது எதற்கு?

ஆயின் நண்பர் மறந்தது ஒன்றுண்டு. பிற தொழிலிற் பிழை நேர்ந்தால் முறையிடுவார் உளர்; இறந்தார் முறையிடார், உறவினரோ மூடிய கதவின் பின் நிகழ்வதைக் காணார். கொலராடோ மாகாணம் ஈமப் பணியாளர்க்கு உரிமம் வேண்டும் என்னும் விதியை 1983 இல் நீக்கியது. 2023 இல் அங்குள்ள பென்ரோஸ் என்னும் சிற்றூரின் கட்டடம் ஒன்றில் ஏறத்தாழ 190 உடல்கள் அழுகிக் கிடக்கக் கண்டனர். எரித்த சாம்பல் என நம்பிப் பெற்றுச் சென்ற குடும்பத்தார் உற்ற துயரம் சொல்லுந்தரமன்று. 2024 இல் அம்மாகாணம் மீண்டும் உரிமச் சட்டம் இயற்றியது. படித்தார் எல்லாரும் நல்லார் ஆவர் என்பது எம் கருத்தன்று. பறிப்பதற்கு ஓர் உரிமமேனும் இருத்தல் வேண்டும் என்பதே.

நம் நாட்டில் மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூற்றியல் துறையார் எம்பாமிங் செய்கின்றனர். சுடுகாட்டுப் பணியோ நெடுங்காலமாகச் சிலர் தலையிற் பிறப்பினாற் சுமத்தப்பட்டது. அவர்தம் கைத்திறனைக் கொள்கின்றோம். அவர்க்குத் திண்ணையில் இடம் கொடோம். அமெரிக்காவில் இன்று ஈமக் கல்லூரிகளிற் பயில்வோருட் பெரும்பாலோர் பெண்கள். தாமே விரும்பித் தெரிந்து வந்தவர்கள். இங்கும் இது பாடமாகவும் சான்றாகவும் ஊதியமாகவும் அமையுமேல், ஒருவர் விரும்பின் புகலாம், விரும்பாவிடின் விலகலாம். விலக இயலாமையன்றோ இதுகாறும் இழிவாயிருந்தது?

அச்சான்றிதழை மடித்துக் கொடுத்தபோது, 'இதைச் செய்தவர் பெயர் என்ன, தம்பி?' என அன்னையார் கேட்டார். முத்திரை தெளிவாயிருந்தது, ஒப்பம் மட்டும் படிக்கக் கூடவில்லை. உள்ளபடியே சொன்னோம்.